புகார்ப் பெட்டிக்கு வைத்த குங்குமம்

நம்பிக்கை அதிகமானால் எனக்குக் கண் தெரியாது. அரசாங்க அலுவலக வராந்தாவில் ஒரு தகரப் பெட்டி முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டவள் நான், பார்த்துக்கொள்ளுங்கள்.

கொரட்டூர் ஏரிப் பக்கம் ஓர் அங்கன்வாடிக்குச் சுற்றுச்சுவர் கட்ட டெண்டர் விட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் மேஸ்திரி. அதுவரை காண்டிராக்டர் குமரேசன் எடுக்கும் வேலையை நாங்கள் கட்டித் தருவோம். பெயர் அவருக்கு, சிமெண்ட் எங்கள் தலையில். முதல்முறையாக எங்கள் பெயரில் கேட்டிருந்தோம். டெபாசிட் கட்ட என் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது. வேலை கிடைக்காவிட்டால் மறுபடி குமரேசன் வாசல்தான்.

டெண்டர் கவருக்கு மாங்காட்டு அம்மன் குங்குமம் வைத்து, வராந்தாப் பெட்டிக்குள் தள்ளினேன். மிச்சத்தைப் பெட்டிக்கும் வைத்தேன். (பெட்டி வெட்கப்பட்ட மாதிரிகூட இருந்தது.)

டீ குடித்துவிட்டு வந்தால், குமரேசன் கையில் கவரோடு எங்களைத் தாண்டி உள்ளே போகிறார்.

“அண்ணே, பொட்டி இங்க கீதே!”

அவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “தங்கச்சி, டெண்டர் பொட்டி இன்ஜினியர் ரூம்ல கீது. நீ பொட்டு வச்சது புகார் பொட்டிக்கு.”

என் வீட்டுக்காரர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். “அடிப்பாவி, சங்கிலியக் கொண்டுபோய் புகார் பொட்டில போட்டுட்டியே!”

இன்ஜினியரிடம் ஓடினேன். “சார், ஒரு புகார்...”

அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: “எழுதிப் பொட்டில போடும்மா.”

“அந்தப் பொட்டியப் பத்திதான் சார் புகாரே!”

வாட்ச்மேனைக் கூப்பிட்டுச் சாவி கேட்டார்கள். “நான் வந்ததுலேர்ந்து அத்த யாரும் தொறந்ததே இல்ல சார். சாவின்னு ஒண்ணு கீதான்னே தெரியல.”

மூன்று மணிக்குள் கவர் சரியான பெட்டிக்குள் போயாக வேண்டும். எதிரே போட்டி போடுகிறவர் சம்மதித்தால் பூட்டை உடைக்கலாம் என்றார் இன்ஜினியர். எங்களைத் தவிர வந்திருந்தவர் குமரேசன் ஒருவர்தான். அவர் தலையை இப்படி ஆட்டாமல் அப்படி ஆட்டியிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் மனிதர் தாராளம் காட்ட ஆசைப்பட்டார். “நம்மகிட்ட வேல பாத்தவங்க சார். ஆசைக்கு ஒருவாட்டி போட்டுத்தான் பாக்கட்டுமே! ராடு நானே எடுத்துகினு வரேன்.”

காரிலிருந்து ஜாக்கி ராடைக் கொண்டுவந்து, வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தானே நெம்பினார். மூடி பிய்ந்தது. மேலாக என் கவர்; அடியில் ஊர்ப் புகார் மொத்தமும், குடும்பத்தோடு ஒரு பல்லியும். குமரேசன் சட்டையெல்லாம் அம்மன் குங்குமம். நான் கவரைக் கைக்குழந்தைபோல் ஏந்திப் போய் உரிய பெட்டியில் போட்டேன்.

மூன்று மணிக்குப் பிரித்தார்கள். அவர் தொகையை முதலில் படித்தார்கள். அடுத்து எங்களுடையது. எங்களுடையதுதான் குறைவு!

குமரேசன் கையில் ராடு இன்னும் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “செவுரு நேரா நிக்கணும் தங்கச்சி.”

“இதுவரைக்கும் உங்க செவுரெல்லாம் யாருண்ணே நேரா நிக்க வச்சது?”

இன்ஜினியரே சிரித்துவிட்டார்.

சுவர் இன்றும் நிற்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ டெண்டர், எல்லாம் எங்கள் பெயரில். சங்கிலி என் கழுத்தில்.

ஆனால் வீட்டில், சாம்பாரில் உப்பில்லை என்று அவர் வாயைத் திறந்தால், “எழுதிப் பொட்டில போடு” என்பேன்.

அவர் சாப்பிட்டபடியே கேட்பார்: “ராடுக்குக் குமரேசனக் கூப்புடவா?”