டைமண்டோடு பதினாலு கிலோமீட்டர்

திருவண்ணாமலையில் டைமண்டிடம் பற்பசை வாங்காத வாயே கிடையாது. எங்கள் தெருவில் பல்லே இல்லாத பெரியவருக்கு இரண்டு டியூப் விற்றவர் அவர். இயற்பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். கம்பெனியில் டைமண்ட் பதவிக்கு இன்னும் இரண்டே ஆள் சேர்க்க வேண்டும் என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர்.

அவருடைய ஆபீஸ் கிரிவலப் பாதை. கிளம்பினால் பாதியில் திரும்பக் கூடாது என்பது ஊர் வழக்கம். விடுவாரா மனுஷர்? காலையில் கோபுரத்தருகே ஒரு ஆளைப் பிடித்தால் பதினாலு கிலோமீட்டரும் பேச்சுத்தான்.

"நீங்க ரெண்டு பேர சேப்பீங்க, அவங்க ஆளுக்கு ரெண்டு பேர். இன்னும் அஞ்சு வருஷத்துல இந்தத் தொழில் எங்கயோ போயிடும் சார்."

தொழில் போனதோ இல்லையோ, டைமண்ட் பார்த்துவந்த லாட்ஜ் மேனேஜர் வேலை போயிற்று. என் தங்கையை அவருக்குக் கீழே ஆளாகச் சேர்த்துவிட்ட புண்ணியவான் நான்தான். அவள் வீட்டுப் பரண் முழுக்க விற்காத சத்துமாவு டப்பா. இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பாதையில் எல்லோரும் உஷாரானதும், காதுகுத்து என்று வாட்ஸப்பில் அழைக்க ஆரம்பித்தார். மொய்க் கவரோடு மண்டபத்துக்குப் போனால், மேடையில் வெள்ளைப் பலகையும் மைக் பிடித்த ஒரு கோட்டுக்காரரும். குத்துப்பட்டதெல்லாம் எங்கள் காதுதான்.

போன தை மாதம் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் என்று அழைப்பு வந்தது. அதே குரூப், அதே மண்டபம். தெருவே சிரித்தது. "கோட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல்லுங்கள்" என்று பதில் வேறு போட்டேன், பாவி.

அது நிஜமான நிச்சயதார்த்தம். கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் வந்த மாப்பிள்ளை வீட்டார், இருநூறு காலி நாற்காலிகளை ஒரு மணி நேரம் பார்த்தார்களாம். "சொந்த ஊர்ல இவருக்கு ஒரு மனுஷன்கூட இல்லியா?" என்று கேட்டுவிட்டு, தட்டு மாற்றாமலே வேன் ஏறிவிட்டார்கள். மண்டபத்துச் சமையல்காரர் சொன்னபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தக் கோட்டுக்காரரும் வரவில்லை.

போன வாரம் காலையில் கோபுரத்தருகே தனியாக நின்றிருந்தார். நானாகவே போய்க் கூப்பிட்டுக்கொண்டு நடந்தேன். பாதி தூரம் தாண்டி அடி அண்ணாமலை வந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னால் தாங்க முடியவில்லை.

"வீட்ல பேஸ்ட் தீந்துடுச்சுங்க. இருக்குதா?"

"விட்டுட்டேன் சார்."

மீதித் தூரம் முழுக்க நான்தான் ஓயாமல் பேசினேன், அவர் பாதியில் திரும்பிவிடக் கூடாதே என்று.