ஸ்வீட்டி கால் நக்கிய விவரம்

உடும்பஞ்சோலை,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை ஜிதினுக்கு, மாமா மரியஜோசப் எழுதிக்கொள்வது. ஆண்டவர் இரக்கத்தால் நானும் உங்கள் அத்தை அன்னமேரியும் நலம். கொச்சியில் நீங்களும் என் மகள் டின்சியும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம். போனிலேயே பேசியிருக்கலாம், டின்சி ஸ்பீக்கரில் போட்டுக் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நாய் வளர்க்க அனுமதிக்கிற ஃபிளாட் கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் முதல் ஞாயிறு வந்து, உங்களிடம் விட்டிருக்கும் ஸ்வீட்டியைக் கூட்டிப்போகிறோம் என்று சொன்னீர்கள். அதற்குமுன் ஒரு விஷயத்தை நானே சொல்லிவிடுவது நல்லது.

மழை தொடங்கியதிலிருந்து அவள் கால்களை நக்க ஆரம்பித்தாள். சாப்பாடும் தூக்கமும் போக மீதி நேரமெல்லாம் அதே வேலை. விரலிடுக்கு சிவந்து முடி கொட்டிவிட்டது. நீங்கள் அனுப்பிய பாக்கெட் தீனிதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்லி அதை நிறுத்தினேன். அந்த வேகத்தில் உங்களையும் இரண்டு வார்த்தை சொன்னேன், மன்னிக்கவும். நக்குவது நிற்கவில்லை. அத்தை வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினாள். ஸ்வீட்டி எண்ணெய் ருசியில் வேப்பிலையையும் பொறுத்துக்கொண்டு முழுவதையும் நக்கிவிட்டு, இன்னும் உண்டா என்று கிண்ணத்தைப் பார்த்தாள். கோயிலுக்குப் போட வைத்திருந்த என் காலுறைகளை மாட்டிவிட்டேன். ஒன்றைக் காணவில்லை. எங்கே போனது என்று மறுநாள் காலையில் தெரிந்தது.

கடைசியில் பக்கத்து வீட்டுப் பாஸ்கலின் ஜீப்பில் மிருகாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா காலை முகர்ந்து பார்த்து, "இதுல எதாவது பூசுறீங்களா?" என்றார். "ஒண்ணும் பூசலியே" என்றேன், கௌரவமாக. அத்தை சும்மா இருப்பாளா?

"அட்டை கடிக்காம இருக்க இவரு தெனமும் காலுல தேய்க்காருல்லா டாக்டரம்மா, பொகையிலையும் சுண்ணாம்பும் உப்பும் எண்ணெயில கொழச்சது, அதையே அதுக்கும் நாலு காலுலயும் தேய்க்காரு. பூட்ஸ் போட்ட மனுசனுக்கே வேணுமின்னா தோட்டத்துக்கு வெறுங்காலோட கூட வார ஜீவனுக்கு வேண்டாமான்னு நியாயம் வேற பேசுதாரு!"

"சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கிடும், புகையிலை நாய்க்கு விஷம். இத்தனை நாள் நக்கியும் இது தப்பிச்சதே பெருசு" என்றார் டாக்டரம்மா. எனக்கு அழுகையே வந்துவிட்டது மாப்பிள்ளை. ஏலக்காட்டில் நாற்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்து, வேலைக்கு வந்த அத்தனை பேர் காலுக்கும் அந்த மருந்தைச் சிபாரிசு செய்தவன் நான். அன்பாகச் செய்கிறேன் என்று வாயில்லாத பிராணியை வாட்டிவிட்டேனே என்று ஜீப்பில் வரும் வழியெல்லாம் ஸ்வீட்டியின் காலைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தேன். அத்தை பேசிக்கொண்டே வந்தாள்.

வெறும் தண்ணீரில் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, களிம்பு போட வேண்டும். நக்காதிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. அந்தக் கூம்போடு அவள் காயப்போட்டிருந்த ஏலக்காயில் தலையை விட்டு ஓர் அள்ளு அள்ளிக்கொண்டுபோய், ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த அத்தையின் மடியில் கொட்டினாள். அத்தை ஆமென் சொல்லி முடித்துவிட்டுத்தான் திட்டினாள்.

மூன்று வாரத்தில் எல்லாம் ஆறி, முடியும் முளைத்துவிட்டது. கூம்பைக் கழற்றியாயிற்று. இப்போது மருந்து கிருந்து கிடையாது. தோட்டத்திலிருந்து வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து விரல் விரலாக அட்டை பார்க்கிறேன். ஒரு கால் முடிந்ததும் அவளே அடுத்த காலைத் தூக்கித் தருகிறாள். டின்சிகூடச் சின்ன வயதில் எனக்கு இவ்வளவு ஒத்துழைத்ததில்லை. அந்த அரைமணி நேரம் மனசுக்கு ரொம்பச் சந்தோஷமாயிருக்கிறது. ஆகவே பூரண சுகத்தோடு ஒப்படைக்கிறேன். தாராளமாக வந்து கூட்டிப்போங்கள், எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

நீங்கள் இருவரும் கை வைக்கிற காரியமெல்லாம் ஆண்டவர் துலங்கச் செய்வாராக. அத்தை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
மாமா மரியஜோசப்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஸ்வீட்டி மறுபடியும் நக்குகிறாள். அவள் காலை அல்ல, என் கையை. இருந்தாலும் நக்குவது நக்குவதுதான், அலட்சியம் செய்யக் கூடாது. மழைக்காலம் முடியும்வரையாவது என் கண்ணெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். சாப்பிட்டுவிட்டு இருவராகவே திரும்பலாம்.