காலரில் மாட்டிய மைக்

பிள்ளையார்பாளையம்,
ஞாயிறு காலை.

வாலாஜாபாத்தில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் கதிர்வேல் அவர்களுக்கு, தங்கள் தங்கை சங்கீதாவின் கணவன் சிவராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன் பக்கத்தில் வாயைத் திறக்கவே இப்போது பயமாக இருக்கிறது.

சங்கீதா வீட்டிலிருந்தே வீடியோ போட்டுப் பட்டுச்சேலை விற்பது தாங்கள் அறிந்ததே. போன மாதம் கோவை அம்மாள் ஒருவர், வீடியோவில் பார்த்தது தக்காளிச் சிவப்பு, வந்தது அரக்கு என்று சேலையைத் திருப்பி அனுப்பிவிட்டார். சேலை அரக்குதான். அதைத் தக்காளியாக்கியது சங்கீதாவின் செல்போன். என் போனில் எடுத்தாள், செங்கல்லாக மாறியது. இன்னொரு சேலை திரும்பினால் சேனலை மூடவேண்டியதுதான் என்று பயந்து, ஓரிக்கையில் கல்யாண வீடியோ எடுக்கும் அந்தோணியிடம் பெரிய கேமராவை இரவல் வாங்கிவந்தாள். "லென்ஸ்ல விரல் படாம பாத்துக்கமா" என்று அவர் சொன்னதிலிருந்து அந்த அறையில் நான் மூச்சைக்கூடத் திரும்பி நின்றுதான் விட்டேன். ஆனால் அரக்கு அரக்காகவே விழுந்தது மச்சான். கேமராவோடு வந்த, ஒயர் இல்லாத சின்ன மைக்கை என் காலரில் மாட்டி, ஸ்டாண்டில் தொங்கிய சேலை பக்கத்தில் நிறுத்தி, "நீங்க பேசுங்க, நான் கலரைப் பாக்கறேன்" என்றாள். பேசினேன். வியர்த்தது. கலரைச் சரிசெய்ய நேரமாகும் என்றதும் தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போனேன்.

அங்கேதான் வினை. சாயம் போடும் பக்கத்துவீட்டு முனுசாமி நின்றுகொண்டிருந்தார். "இன்னா சிவராஜு, நீ வேலை பாக்குற பட்டுக்கடையில கூட்டம் அலைமோதிக்கினு இருக்குதாமே" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "வராம இன்னா பண்ணும்பா, எங்க முதலாளி கலப்பு ஜரிகையை சுத்த ஜரிகைன்னு சொல்லித் தள்ளிக்கினு இருக்காரு. அந்தப் பொய்யைச் சொல்றதுக்கு எனக்குத்தான் நாக்கு வரமாட்டேங்குது" என்றேன். சொல்லிவிட்டுக் கழுத்து வியர்வையைத் துடைத்தபோது கையில் மைக் தட்டியது. அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பேசியதெல்லாம் உள்ளே கேமராவில் பதிவாகியிருக்கிறது.

சங்கீதாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அவளோ எடிட்டிங் சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒன்று இலவசம், ஆனால் தன் பேரைச் சேலைப் பார்டர் மேலேயே பொறித்துவிட்டது. இன்னொன்றைத் திறந்ததும் லேப்டாப் உறைந்து நின்றது. கடைசியில் போனிலேயே ஓடும் ஒன்றைப் பிடித்து, நான் மனதைத் தேற்றிக்கொண்டு வருவதற்குள் வீடியோவை ஏற்றியும்விட்டாள். அதைக் கேட்டுப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. காய்ச்சல் என்று கடைக்குப் போகாமல் போர்வைக்குள் கிடந்தேன். வாசலில் பைக் நிற்கும் சத்தமெல்லாம் முதலாளி வேணுகோபாலின் பைக்காகவே கேட்டது. மறுநாள் அவரே வந்துவிட்டார், கையில் போனும் போனில் அந்த வீடியோவுமாக. வேறு வேலை எங்கே தேடுவது, வாடகைக்கு என்ன செய்வது என்று எண்ணியபடி எழுந்து நின்றேன். அவர், "இந்த அரக்கு அப்படியே கண்ணுல நிக்குதுமா. நம்ம கடைக்கும் இந்த மாதிரி எடுத்துக் கொடு" என்று சங்கீதாவிடம் சொல்லி, என்னைப் பார்த்து, "உடம்பைப் பாத்துக்கப்பா" என்றார்.

அவர் போனபிறகு உண்மையைச் சொல்லி அழுதேன். "அதுவா, நீங்க தண்ணி குடிக்கப் போனப்புறம் சேலை மட்டும் நிக்கிற எடம் அழகா இருந்துது, அதுல என் குரலைச் சேத்தேன். பின்னாடி இன்னாவோ கசகசன்னு கேட்டுக்கினு இருந்துது. இரைச்சலை நீக்குன்னு ஒரு பட்டன் இருந்துது, அழுத்துனேன், போயிடுச்சு" என்றாள். என் பேச்சு இரைச்சல் என்று தங்கள் தங்கை பலமுறை சொல்லியும் நான் ஒப்புக்கொண்டதில்லை. இம்முறை மனமார ஒப்புக்கொண்டேன். ஆக, அந்தோணியின் கேமராவும் அந்த சாஃப்ட்வேருமே போதும் என்று முடிவாயிற்று. என் பயமும் தீர்ந்தது. அம்சா அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. ஏகாம்பரநாதர் எல்லோரையும் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
சிவராஜ்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் முதலாளியின் மகள் பிரவீனா போன் செய்தாள். வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்ள அவள் கேட்டாளாம், சங்கீதா ஒரிஜினல் ஃபைலையே அனுப்பிவைத்திருக்கிறாள். "அண்ணா, நீங்க போட்ட வீடியோவுல உங்க வாய்ஸ் காணாம போயிருந்துது, ஒரிஜினல்ல இருந்து நான் மீட்டுட்டேன். அப்பாவும் இப்பதான் கேட்டாரு. உங்ககிட்ட பேசணுமாம், லைன்லயே இருங்க" என்றாள். நான் லைனில் இல்லை மச்சான், வாலாஜாபாத் பஸ்ஸில் இருக்கிறேன். பயம் தீர்ந்தது என்ற வரியை அடித்துவிட்டுப் படிக்கவும். கடிதத்தை நானே கொண்டுவந்து தருகிறேன்.