கட்டிலுக்குப் போகும் ரயில்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமியார் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உங்கள் மாமா கட்டிலில் சுகம், லீவுக்கு வந்த உங்கள் மகள் சுகம், அவளுடைய பொம்மை ரயில் எங்கள் எல்லோரையும்விட சுகம். அங்கே நீங்களும் என் மகளும் அதுபோல இருக்க வேண்டும். உங்கள் பல் ஆஸ்பத்திரியில் கூட்டம் பெருகட்டும் என்று வேண்டிக்கொள்வது புண்ணியமா பாவமா தெரியாததால் அதை மட்டும் விட்டுவிடுகிறேன்.

நீங்கள் போனில் கத்தியதற்குப் பதில் எழுதுகிறேன். "படுத்திருக்கிறவருக்குக் கட்டிலுக்கே ரயில் விட்டா மாமா எப்ப அத்தை எழுந்து நடப்பாரு? ஞாயித்துக்கிழமை வந்து எல்லாத்தையும் கழட்டிடுறேன்" என்றீர்கள். நீங்கள் பிடுங்கியே பழகினவர், அதனால் சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். கோபித்துக்கொள்ளக் கூடாது, மரியாதையோடுதான் எழுதுகிறேன். முறிந்த தொடையெலும்பு சேர்ந்துவிட்டது, இப்போது நடக்காவிட்டால் கால் அப்படியே விறைத்துப்போகும் என்று டாக்டர் சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் உங்கள் மாமா "நாளைக்குப் பாக்கலாம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார், வாக்கரில் என் துண்டு காயும். அப்படிக் கிடந்த மனுஷன் இந்தப் பக்கம் திரும்பியதே ரயில் சத்தம் கேட்டுத்தான். பலகை அடித்து, சமையலறையிலிருந்து ஹால் வழியாகக் கட்டில் வரைக்கும் தண்டவாளம் போட்டிருக்கிறாள் உங்கள் மகள். நான் பெட்டியில் மாத்திரையை வைத்து "ஏத்தியாச்சு!" என்று குரல் கொடுத்தால் அவர் ரிமோட்டை அமுக்குவார். மத்தியான வெயில் திரைச்சீலையில் மஞ்சளாக நிற்கும்போது, முன்விளக்கை ஏற்றிக்கொண்டு அது ஹாலைக் கடந்து போகிற அழகு இருக்கிறதே, வீடே லேசாகி மிதக்கிற மாதிரி இருக்கும்.

ஹால் நடுவில் தடம் இரண்டாகப் பிரிகிறது. அந்த இடத்துக்குப் பாயிண்ட் என்று பேர். ஒன்று கட்டிலுக்கு, இன்னொன்று அவர் முன்பு உட்கார்ந்து பேப்பர் படித்த ஜன்னல் மேசைக்கு. "அங்க யாருடி இருக்கா?" என்று கேட்டேன். "தாத்தா வந்து உட்காருவாருல்ல, அப்ப வேணும்" என்றாள். அந்தப் பாயிண்டில்தான் வந்தது வினை. இப்போது எல்லாம் டிஜிட்டலாம். தண்டவாளத்தில் எந்நேரமும் கரண்டு இருக்குமாம், எஞ்சினுக்கு ஒரு நம்பர், பாயிண்டுக்கு ஒரு நம்பர், ரிமோட்டில் அவரவர் நம்பரைக் கூப்பிட்டால்தான் அசைவார்களாம். இந்த வீட்டில் நம்பர் வைத்துக் கூப்பிட்டாலும் அசையாதவர் ஒருவர் இருக்கிறார் என்றேன், கட்டிலிலிருந்து ஒரு கனைப்பு வந்தது. தடம் பிரிகிற மூக்கில் இரண்டு பக்கத்துக் கரண்டும் ரொம்ப நெருங்கி வருகிறது. சக்கரம் இரண்டையும் சேர்த்துத் தொட்டதும் ஷார்ட், எஞ்சின் நின்று விளக்கெல்லாம் அணைந்துவிடும். அந்த மூக்குக்குத் தவளை என்று பேராம். நான் கண்ணாடி போட்டுத் தேடினேன், தவளைக்கு உண்டான ஒரு லட்சணமும் இல்லை. ஆனால் ஒரு அதிசயம். பாத்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல், ரயில் நின்றுவிட்டதைப் பார்த்து நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அது கட்டிலில் போய்ச் சேர்ந்திருக்கும். "ஷார்ட்டானா யாராவது தள்ளிவிடணும் பாட்டி, தானா போகாது" என்றாள் இவள். நல்ல மனசுள்ள ரயில் என்றேன். ஒருநாள் கண்ணயர்ந்தபோது நான் அந்தக் குட்டி ரயிலிலேயே உட்கார்ந்து போகிறதாகக் கனவு, மடியில் மூட்டை, வெளியே நாற்காலிக் கால்கள் மரம் மரமாகப் போகின்றன, பாயிண்டில் ரயில் நிற்கிறது, இருட்டு, அப்போது மேலேயிருந்து ஒரு பெரிய கை வந்து மெதுவாகத் தள்ளுகிறது, நகம் வெட்டாத கை, எங்கேயோ பார்த்த கை, யாருடையது என்று யோசிப்பதற்குள் குக்கர் கூவி எழுப்பிவிட்டது.

பிறகு உங்கள் மகள் வேலையில் இறங்கினாள். சின்ன மெஷினை வைத்துத் தவளைக்கு முன்னும் பின்னும் தண்டவாளத்தை வெட்டித் தனியாக்கினாள். வெட்டின இடம் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் எதையாவது வைக்க வேண்டுமாம், என் சீப்பில் ஒரு பல்லை ஒடித்து ராவி வைத்தோம். பல் கட்டுகிற வேலை உங்களுக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்க வேண்டாம் மாப்பிள்ளை. தவளைக்குத் தனி வயர் பற்றவைத்தாள், கை சுடாமல் நான் துணி கிளிப்பால் பிடித்துக்கொண்டேன், ஈயம் சொட்டித் தரையில் பொட்டு வைத்துவிட்டது, பாய் போட்டு மறைத்திருக்கிறேன், வரும்போது தூக்கிப் பார்க்காதீர்கள். அடியில் இருக்கிற குட்டி மோட்டார் தடத்தை மாற்றும்போதே தவளையின் கரண்டையும் மாற்றிவிடுமாம். முதல் தடவை வயர் இரண்டும் மாறிப்போய், எஞ்சின் தவளைமேல் ஏறினதும் மொத்தமும் அணைந்தது. அவள் மூஞ்சி தொங்கிவிட்டது. மறுபடி மாற்றினாள். இப்போது நிற்காது, திணறாது, எண்ணெய் மேல் போகிற மாதிரி போகிறது. அஞ்சாங்கிளாஸ் தாண்டாத நான் சொல்கிறேன், உங்கள் மகள் கை பொன்னான கை. அதனால் ரயிலைக் கழட்டக் கூடாது, அது ஒன்றும் உங்கள் மாமாவைக் கெடுக்கவில்லை.

என் மகளுக்கு அன்பு. உங்கள் கைக்கு வலியும் உங்களிடம் வருகிறவர்களுக்குப் பயமும் இல்லாமல் இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அத்தை

பின்குறிப்பு: மேலே எழுதியதை அடிக்க மனசு வரவில்லை, ஆனால் நீங்கள் சொன்னதுதான் சரி. ரயில் ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் கட்டிலுக்கடியில் உங்கள் மாமாவின் செருப்பில் தூசி படிந்துவிட்டது. முன்பு படியவில்லையே என்று யோசித்தபோதுதான் அந்தக் கை யாருடையது என்று விளங்கியது. இவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, வளையலில் இருந்த ஊக்கைக் கழற்றி, பாயிண்டுக்கு இந்தப் பக்கம் தண்டவாளத்தின் குறுக்கே வைத்துவிட்டு, சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு நின்றேன். எல்லாம் அணைந்துபோயிற்று. பிறகு தரையில் செருப்பு சரக், சரக். பிறகு ரயில் போகிற சத்தம். திரும்பி வந்த பெட்டியில் என் ஊக்கு இருந்தது. அதிலிருந்து தினமும் வேறு வேறு இடத்தில் வைக்கிறேன், அவர் தேடி எடுத்து அனுப்புகிறார். உங்கள் மகளுக்குத் தெரிய வேண்டாம், செய்த வேலை வீணென்று நினைப்பாள். வீணில்லை. இதை ஒட்டப்போகிற நேரத்தில் மாத்திரையை ஏற்றிவிட்டு, வழக்கம்போலக் கட்டிலுக்குப் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஹால் நடுவில் டக் என்று ஒரு சத்தம். ரயில் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வரும்போது அவருக்கு ஒரு பேப்பர் வாங்கி வாருங்கள்.