ஏ பிளாக் சாவி

மனிதன் தானாகச் சிந்திக்கிறான் என்று நம்புகிறவர்கள், எழுபத்தைந்தாம் வருஷத் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது நந்தனம் குவார்ட்டர்ஸ் பக்கம் வந்திருக்க மாட்டார்கள். அங்கே சிந்திக்கிற வேலையைப் பிளாக்குகளே பொறுப்பாகக் கவனித்துக்கொண்டன. மனிதர்கள் குடம் தூக்கினால் போதும்.

ஏ பிளாக் காரியதரிசி தணிகாசலம் மகா நியாயஸ்தர். பி பிளாக்காரர்கள் ‘பிறவியிலேயே தண்ணீரை வீணடிப்பவர்கள்’ என்று கண்டுபிடித்து, இரண்டு பிளாக்குக்கும் பொதுவாக இருந்த ஒரே அடிபம்பைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். ஒரு சாவி பொருளாளரிடம். இன்னொன்று அவருடைய அரைஞாணில்.

பி பிளாக் பொன்னுரங்கம் அவருக்கு வெகுநாள் சிநேகிதர். வந்து கெஞ்சினார்.

“நைனா, ஞாயித்துக்கெழம என் பொண்ணு ஜெயபாரதியப் பாக்க வராங்க. ரெண்டு கொடம் தண்ணி வுடு.”

“உனுக்குன்னா குடுப்பேன் மச்சி. ஆனா நீ பி பிளாக்காச்சே!”

தணிகாசலத்துக்குக் கண் கலங்கியது. ஆனால் ஒரு சொட்டு சிந்தவில்லை. அவ்வளவு சிக்கனம்.

வெள்ளிக்கிழமை அவருக்குப் பதவி உயர்வு வந்தது. கூடவே, ஓர் அறை அதிகமுள்ள பி பிளாக் வீடும். கைவண்டியில் சாமான் ஏற்றி முற்றத்தைக் கடப்பதற்குள் அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் மொட்டை மாடியில் கூடிய பி பிளாக் ‘அவசரக் கூட்டத்தில்’ ஆவேசமாக எழுந்தார்.

“தண்ணிக்குப் பூட்டு போட்டவன் மனுசனா? ஏ பிளாக்காரனுங்க ரத்தமே அப்டி!”

கண்டனத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அவர் மனைவி தேவானைக்கு மட்டும் அதன் மகத்துவம் புரியவில்லை. கூட்டத்தின் நடுவிலேயே கேட்டாள்.

“பூட்டுனதே நீதானேய்யா?”

“அது ஏ பிளாக் தணிகாசலம். அந்தாளோட என்னச் சேக்காத.”

“சாவி இன்னும் உன் இடுப்புலதான் கீது. தொறந்து வுடேன். பாவம், அந்தப் பொண்ணு.”

“ஏ பிளாக் சாவிய நாம தொடுறதா? நம்ம மானம் இன்னாவுறது?”

கைதட்டல் வானைப் பிளந்தது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் பொன்னுரங்கம்.

ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை வீட்டார் ஆதம்பாக்கத்திலிருந்து கொளுத்தும் வெயிலில் வந்து இறங்கினார்கள். பெரிய மனிதர் என்ற முறையில் தணிகாசலமும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

“கொஞ்சம் தண்ணி குடுங்க.”

பொன்னுரங்கம் நெஞ்சை நிமிர்த்தினார்.

“தண்ணி இல்லீங்க. ஆனா எங்க பிளாக்ல எல்லாரும் ஒண்ணா கீறோம்!”

வந்தவர்கள் அந்த ஒற்றுமையை ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

சமையலறையில் காலிக் குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஜெயபாரதி அழுதாள், நிறுத்தாமல் அழுதாள். பி பிளாக்காரர்கள் தண்ணீரை வீணடிப்பவர்கள் என்பது கடைசியில் நிரூபணமாயிற்று.