வீட்டுக்கடனில் பழம் தின்று கொட்டை போட்டவர்

உலகத்தில் வீட்டுக்கடன் வாங்காதவர்கள் இருக்கிறார்கள். வாங்கியவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்தாராலும் யாருக்கும் தொந்தரவு கிடையாது. மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. எப்போதோ, ஒரே ஒரு தடவை, ஏதோ ஒரு வங்கியில், எப்படியோ ஒரு வீட்டுக்கடனை வாங்கிவிட்டு, அன்று முதல் இந்தப் பூமியில் எவன் வீடு வாங்கினாலும் தன்னைக் கேட்காமல் ஒரு செங்கல்கூட அசையக்கூடாது என்று நினைத்துக்கொண்டு திரியும் இனம். இன்று நாம் பார்க்கப்போவது அந்த இனத்தைத்தான். கொஞ்சம் தள்ளி நின்றே பார்ப்போம்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்கிறீர்களா? ரொம்பச் சுலபம். பத்துப் பேர் கூடியிருக்கும் இடத்தில், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காதபடி, 'லோன்' என்று முணுமுணுத்துப் பாருங்கள். கோடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று நிமிர்வார். எழுந்து வருவார். "ஃபிக்ஸடா, ஃப்ளோட்டிங்கா?" என்பார். வட்டி மாறாமல் இருப்பதா, ஏறி இறங்குவதா என்று அர்த்தம். மாறாதது என்றால் 'ச்சு' கொட்டுவார். ஏறி இறங்குவது என்றாலும் 'ச்சு' கொட்டுவார். இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் இரண்டு 'ச்சு'. அப்புறம் ஒரு பெருமூச்சு. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?" அட, கேட்பதற்கு நீங்கள் எங்கே ஐயா விட்டீர்கள்?

உங்களுக்கு இவர் மேல்மாடிக்காரராக வாய்த்திருக்கலாம், அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரராக வாய்த்திருக்கலாம். எனக்குச் சகலையாக வாய்த்தார். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். கட்டிய பெண்டாட்டியை விவாகரத்து செய்யக் கோர்ட் இருக்கிறது. சகலையை விவாகரத்து செய்ய எங்கே போவது?

எங்கள் கதை இதுதான். நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் சமையலறை என்ற பெயரில் ஒரு பொந்து இருந்தது. ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டுமானால் உள்ளே இருப்பவர் வெளியே வரவேண்டும். அவர் வெளியே வந்து நிற்க வேண்டுமானால் ஹாலில் இருப்பவர் எழுந்து நாற்காலியை மடக்க வேண்டும். ஒரு தக்காளி எடுப்பதற்குக் குடும்பமே எழுந்து நிற்கும். வருஷக்கணக்காக இப்படி நின்று நின்று களைத்துப்போன என் மனைவி, ஒருநாள் ஒரு வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் விற்க வைத்திருந்த காலி வீடு. அதன் சமையலறைக்கு நடுவில் நின்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினாள். எதிலும் இடிக்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வீடு இல்லாவிட்டால் வேறு வீடு வேண்டாம் என்று அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது.

டாக்டர் ஒரு பைசா குறைக்க மாட்டேன் என்றார். பல் பிடுங்கியே வாழ்ந்தவர், பிடித்த பிடியை விடுவாரா? சேமிப்பில் பெரும்பகுதியை முன்பணமாகக் கொடுத்தோம். இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கொடுக்க வேண்டும், தவறினால் முன்பணம் கோவிந்தா என்று ஒப்பந்தம். பாக்கிக்கு வங்கியை நம்பியிருந்தோம். அதாவது, சகலைக்கு விஷயம் தெரியும்வரை வங்கியை நம்பியிருந்தோம்.

அன்று சாயங்காலமே வந்துவிட்டார். வந்தவர் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"சகலை, பேங்க் ஸ்டேட்மென்ட்ட எடுங்க."

எடுத்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு படித்தார். முகம் கறுத்தது.

"என்ன இது, வாரா வாரம் ஐஸ்கிரீம் கடை?"

"சும்மா, ஞாயித்துக்கிழமைல..."

"ஐஸ்கிரீம் நக்குறவனுக்கு எவன் கடன் கொடுப்பான்? பேங்க்காரன் மொதல்ல இதத்தான் பாப்பான். இன்னையோட நிறுத்துங்க."

நிறுத்தினேன். ஐஸ்கிரீம், சினிமா, சலூன் எல்லாவற்றையும் நிறுத்தினேன். சலூனை ஏன் நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. வங்கிக்குப் போன அன்று கணக்கில் நான் ஒரு சந்நியாசி. தலையைப் பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது.

அடுத்தது நடிப்புப் பயிற்சி. இந்த இனத்துக்கென்று ஒரு சித்தாந்தம் உண்டு. வங்கி என்பது தேவைப்படுகிறவனுக்குக் கொடுக்காது, தேவைப்படாதவன் பின்னால்தான் ஓடும். ஆகவே, வீடு நமக்குத் தேவையே இல்லை என்பதுபோல் போய் உட்கார வேண்டும். அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். கேள்வி கேட்டால் கொட்டாவியை அடக்குவதுபோல் பதில் சொல்ல வேண்டும். எனக்குத் தன்னுடைய கோட்டு ஒன்றைக் கொடுத்தார். அவர் என்னைவிட ஒன்றரை மடங்கு. கோட்டுக்குள் என்னைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான், மனைவி, சகலை மூன்று பேரும் வங்கிக்குப் போனோம். கடன் பிரிவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இருந்தார். எனக்கென்று போட்டிருந்த நாற்காலியில் சகலை உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்து மேசையிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு அந்த வங்கியில் எனக்குச் சுலபமாகக் கிடைத்த கடன் அது ஒன்றுதான்.

"எதுக்காக சார் வீடு வாங்கறீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"சும்மாதான்" என்றேன், கடிகாரத்தைப் பார்த்தபடி.

"சும்மாவா?"

"பாக்க நல்லாருந்துச்சு. சரி, ஒண்ணு வாங்கிப் போடுவோமேன்னு."

மேசைக்கு அடியில் என் மனைவி ஓங்கி ஓர் உதை விட்டாள். குறி தவறிச் சகலையின் முழங்காலில் பட்டது. அவர் அதைத் தன்னைப் பேசச் சொல்லும் ஜாடை என்று எடுத்துக்கொண்டார்.

"மேடம், மொதல்ல உங்க வட்டியச் சொல்லுங்க. அப்புறம் நாங்க யோசிச்சு சொல்றோம்."

"நீங்க யாரு சார்? இவங்களோட சேந்து கையெழுத்துப் போடறவரா?"

"இல்ல மேடம். நான் அனுபவஸ்தன்."

அந்த அம்மாள் விண்ணப்பத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "அப்படி ஒரு கட்டம் இதுல இல்லையே சார்" என்றார்.

என் மனைவி இதற்குமேல் பொறுக்கவில்லை. "மேடம், எங்க வீட்ல ஃபிரிட்ஜத் தொறக்கணும்னா..." என்று ஆரம்பித்து, தக்காளி, நாற்காலி, குடும்பம் எழுந்து நிற்பது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். அந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "எங்க வீட்லயும் அதே கததாம்மா" என்றார். விண்ணப்பம் நகர்ந்தது. வெளியே வந்ததும் சகலை என் முதுகில் தட்டி, "பாத்தீங்களா, நான் ஒரு அதட்டு அதட்டுனதும் எப்படி வழிக்கு வந்தாங்க!" என்றார்.

இத்தோடு விட்டிருந்தால் இந்தக் கேலிக்கே இடமில்லை. வங்கி, கடன் கொடுப்பதற்கு முன் வீட்டின் மதிப்பைக் கணக்கிட ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பியது. அவர் என்ன மதிப்புப் போடுகிறாரோ அதை வைத்துத்தான் கடன். கூடப் போட்டால் கூடக் கடன், குறைத்துப் போட்டால் குறைச்சல். குழந்தைக்கும் புரியும் கணக்கு. ஆனால் சகலை குழந்தை இல்லையே, அனுபவஸ்தர் ஆயிற்றே! துடைப்பம் வாங்கினாலும் நாலு நொட்டை சொல்லி விலையைக் குறைக்காமல் வாங்கியறியாத மனிதர். வீட்டுக்கு விலை போட ஓர் ஆள் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் அவருக்குக் கை பரபரத்தது. அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, சொந்த டார்ச் லைட்டோடு வந்து நின்றார்.

மதிப்பீட்டாளர் ஒல்லியான மனிதர். பேசாமல் அளந்து, பேசாமல் எழுதிக்கொண்டு வந்தார். படுக்கையறைக்குள் நுழைந்ததும் சகலை டார்ச்சை அடித்தார்.

"சார், அப்படியே போயிட்டா எப்படி? இந்த மூலையப் பாருங்க. எவ்வளவு பெரிய விரிசல்!"

மதிப்பீட்டாளர் பார்த்தார். எழுதினார். என் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. பலமாக இருமினாள்.

"தண்ணி குடும்மா" என்று சொல்லிவிட்டுச் சகலை அடுத்த அறைக்குப் போனார். "இங்க ஓதம் ஏறுது சார். தொட்டுப் பாருங்க. கைய வைங்க, சும்மா வைங்க."

"அத்தான், நேரமாகுதில்ல? நீங்க கெளம்புங்களேன்" என்றாள் என் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"உனக்காக லீவு போட்டிருக்கேன்மா! ஒரு வேலையும் இல்ல எனக்கு. சார், மொட்ட மாடிக்கு வாங்க. ஒழுகற எடம் ரெண்டு இருக்கு, நான் காட்டுறேன். அப்புறம் பக்கத்து வீட்ல ஒரு நாய். ராத்திரி பூரா கொலைக்குதாம்."

"நாயெல்லாம் நான் எழுத மாட்டேன் சார்" என்றார் மதிப்பீட்டாளர். அந்த ஒன்றாவது தப்பித்தது.

அவர் போனதும் என் மனைவி விஷயத்தை விளக்கினாள். சகலை முதலில் நம்பவில்லை. "வெலை கொறைஞ்சா நமக்குத்தானேம்மா லாபம்?" என்றார். "அத்தான், அவரு வெலை பேச வந்தவரில்ல. கடன் எவ்வளவு தரலாம்னு பாக்க வந்தவரு" என்றாள். மெதுவாக, மிக மெதுவாக, அவருக்குப் புரிந்தது. புரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு ஜோலி இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வங்கியிலிருந்து தகவல் வந்தது. கடன் உண்டு, ஆனால் கேட்டதைவிடக் குறைவு. மிச்சத்தைக் கையிலிருந்து போட வேண்டும். கையில் ஏது? அன்று என் மனைவி பழைய சமையலறையில், ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றுகொண்டு அழுதாள். உட்கார்ந்து அழ அங்கே இடம் இல்லை. எனக்குச் சகலையின் மேல் வந்த கோபத்தில், அவர் கொடுத்த கோட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். பிறகு எடுத்து மடித்து வைத்தேன். நல்ல துணி.

மறுநாள் காலையில் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டாள். வங்கிக்குப் போய் மதிப்பீட்டு அறிக்கையின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கினாள். நேராக டாக்டர் வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

டாக்டர் அறிக்கையை வாங்கி, எக்ஸ்ரே பார்ப்பதுபோல் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"சின்ன விரிசல்தாம்மா. அடைச்சாப் போச்சு."

"அடைக்க எவ்வளவு ஆகும் டாக்டர்?"

"அது... பாத்துத்தான் சொல்லணும்."

"அதத்தான் அவரு பாத்து, கழிச்சு எழுதியிருக்காரு."

"அப்போ வேற ஆளுக்குக் குடுத்துக்கறேன்."

"தாராளமா குடுங்க. அவங்களும் லோன்தான் போடுவாங்க. அந்த பேங்க்கும் ஒருத்தர அனுப்பும். அவருக்கும் கண்ணு தெரியும்ல?"

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தார். எத்தனை பேரை அந்த நிலையில் உட்கார வைத்திருப்பார்! கடைசியில், "சரிம்மா, அவரு போட்ட வெலைக்கே எடுத்துக்க" என்றார். வெளியே வந்ததும் என் மனைவி தெருவிலேயே என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எனக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் போலிருந்தது. முதுகுவலியை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

இனிமேல்தான் நீங்கள் இந்த இனத்தின் முழு மகிமையைப் பார்க்கப்போகிறீர்கள். குடிபுகுந்த அன்று சகலை புதுச் சமையலறைக்குள் வந்து நின்றார். தலை குனிந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? நினைப்புத்தான்!

"இப்ப புரியுதா சகலை, நான் ஏன் அந்த விரிசலக் காமிச்சேன்னு?"

"ஏன் காமிச்சீங்க?"

"வேணும்னேதான்! இதெல்லாம் முன்னாடியே சொல்லிட்டா சரியா வராது. கமுக்கமா செய்யணும்."

என் மனைவி கரண்டியும் கையுமாக அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சாமான் இறக்க வந்த லாரிக்காரர், பீரோவை முதுகில் வைத்துக்கொண்டே, "எனக்கும் ஒரு சின்ன வீடு பாக்கணும் சார், லோன் போட்டுத்தான்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். "ஃபிக்ஸடா, ஃப்ளோட்டிங்கா?" என்று சகலை அவர் தோளில் கையைப் போட்டார். பீரோ இறங்கியது, உள்ளே அல்ல, வாசலிலேயே. "வீட்டுக்கு மதிப்புப் போட வேல்யூவர் வருவாரு. வந்தா வீட்ல இருக்கற ஓட்டை ஒடசல் ஒண்ணு விடாம காமிச்சிடணும், என்ன?" என்று தெருக்கோடிவரை குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மழையும் வந்தது. என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பீரோவை நான்தான் தள்ளினேன்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அந்த மனிதர் படுக்கையறை மூலையில் டார்ச் அடித்தபோது, 'ஐயையோ, அதைக் காட்டாதே' என்று உள்ளுக்குள் கத்தினீர்களா, இல்லையா? மதிப்பீட்டாளர் எதற்காக வருகிறார் என்பது உங்களுக்கு அதற்கு முன்பே தெரியுமா? நாலு வரி முன்னால் நான் சொல்லித்தானே தெரிந்தது! அதற்குள் எவ்வளவு பதற்றம், எவ்வளவு தீர்மானம்! 'அறிக்கையை வைத்து விலையைக் குறைக்கலாம்' என்பதையும் மனத்தில் பத்திரமாக முடிந்து வைத்துக்கொண்டிருப்பீர்கள். நாளைக்கே உங்கள் அலுவலகத்தில் யாரோ ஓர் அப்பாவி, வீடு வாங்கப்போவதாகப் பக்கத்து மேசையில் மெதுவாகச் சொல்வார். உங்களுக்கு உதடு துடிக்கும். அவரை விட்டுவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும். அந்த மனுஷன் வீட்டை வாங்கட்டும்.