எழுபத்தெட்டில் ஒரு எமன்

"ஏளா, எந்த ஊர்ல தலைகீழா முத்துக்குளிக்கான்?"

வெள்ளத்துரை அண்ணாச்சி மருமகள் வரைந்த படத்தைத் திருப்பிப் பிடித்தார்.

"மாமா, நேராப் பிடிங்க. அது தலைகீழாத்தான் இருக்கணும்" என்றாள் விஜிலா. "வெள்ளைக்காரன் குறி பாக்குற டாரட் சீட்டுல தொங்குறவன்னு ஒருத்தன் உண்டு. அவனைத்தான் நம்ம ஊரு முத்துக்குளிக்கிறவனா ஆக்கிருக்கேன்."

"கல்லை மிதிச்சுக்கிட்டுக் காலைத்தான் முதல்ல விடுவான். திரேஸ்புரத்துல நாப்பது வருசமா கடை போட்டிருக்கவன்ட்ட கதை விடுதியா?"

விஜிலா மாற்றி வரைந்தாள். வரைந்து முடித்துத் தலையில் கை வைத்தாள். ஆள் நிமிர்ந்ததும் சீட்டின் பலனே மாறிப்போய்விட்டதாம்.

"பலனாவது மண்ணாவது. பூராவும் ஏமாத்து."

மொத்தம் எழுபத்தெட்டுச் சீட்டு. வெள்ளைக்காரன் உட்கார வைத்திருந்த ராஜாவையும் சாமியாரையும் எழுப்பிவிட்டு, சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிற கடல்கட்டி, பனையேறி, உப்பளத்துக்காரி என்று இந்தக் கரையின் பழைய ஆட்களை அவள் உட்கார்த்தியிருந்தாள். பதின்மூன்றாவது சீட்டில் எலும்புக்கூட்டுக்குப் பதில் எமன். எருமையில் அல்ல, வள்ளத்தில் வந்தான்.

வரைந்ததை எல்லாம் சிவகாசி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு விஜிலா நாசரேத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனாள். இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி கடையிலிருந்து வந்தபோது, அச்சகத்துக் கட்டு ஒன்று மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தது. ஏமாத்து எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாமே? கண்ணை மூடி, நடுவிலிருந்து ஒன்றை உருவினார்.

எமன்.

சொருகினார். கலைத்தார். அடியிலிருந்து ஒன்றை உருவினார்.

எமன்.

மூன்றாவதை உருவத் துணிவில்லை. ஏமாத்து என்று சொன்ன வாயால் மருமகளிடம் கேட்கவும் முடியாது. நேரே டாக்டரிடம் போனார்.

"ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி. கல்லு மாதிரி இருக்கீங்க" என்று சிரித்தார் டாக்டர்.

அண்ணாச்சிக்கு அந்தச் சிரிப்பே சரியாகப் படவில்லை. பிழைக்கிறவனைத்தான் டாக்டர் திட்டுவார். போகிறவனிடம் எதற்குப் பொல்லாப்பு என்று சிரித்துப் பேசுவார்.

வீட்டுக்கு வந்து மனைவி இசக்கித்தாயிடம் எல்லாவற்றையும் சொன்னார். "என் கைராசிதான் சரியில்லையோ என்னவோ. என் பேரைச் சொல்லி நீ ஒண்ணு எடு."

அவள் கும்பிட்டுவிட்டு எடுத்தாள். பார்த்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சீட்டைத் திருப்பிக் காட்டினாள். வள்ளம் வந்துகொண்டிருந்தது.

"முருகா!"

"மனசுல எதையோ மூடி வச்சிருக்கவங்களைத்தான் இது விரட்டுமாம்" என்றாள். "இருந்தா இறக்கி வச்சிருங்க."

அண்ணாச்சி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "உங்க அம்மா குடுத்த வெண்கல உருளி களவு போகல. நாந்தான் வித்தேன்."

"வித்து?"

"டேப்ரிக்கார்டர் வாங்கினேன்."

"அது பரிசு விழுந்ததுன்னீங்க?"

"பரிசும் விழல."

"அடப்பாவி மனுசா! எதுத்த வீட்டு வடிவம்மாதான் எடுத்திருப்பான்னு இருவத்தஞ்சு வருசமா அவ மூஞ்சில முழிக்கலையே நான்! இப்பவே போய்ச் சொல்லிட்டு வாங்க."

போனார். சொன்னார். அங்கேதான் வினை. தன்மேல் அப்படி ஒரு பழி இருந்ததே வடிவம்மாளுக்கு அதுவரை தெரியாது. அவள் போட்ட சத்தத்தில் தெரு முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது.

வேர்த்து விறுவிறுக்கத் திரும்பினார். "இப்ப எடுத்துப் பாரு."

எடுத்தாள். எமன்.

"இன்னும் ஏதோ இருக்கு போலயே" என்றாள் மெதுவாக.

என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியும். எட்டயபுரத்தில் இருக்கும் அவள் தம்பி மாரிராஜ், தன் மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் கூரியரில் பத்திரிகை அனுப்பினான். அன்றோடு எட்டயபுரத்துப் பக்கம் தலை வைப்பதில்லை என்று சொல்லிவிட்டார், அவளையும் போக விடவில்லை. கல்யாணத்தன்று அவள் சமைத்தாள், பரிமாறினாள், தான் மட்டும் சாப்பிடவில்லை. அவர் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல மோருக்குக் கை நீட்டினார். எட்டு வருஷம் ஆகிவிட்டது.

"நான் போயிட்டா, உனக்குன்னு ஒரு தம்பியாவது வேணும்லா" என்றார்.

அவள் முந்தானையில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள்.

"அழாத" என்று முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

மறுநாள் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பழத்தோடு முதல் பஸ்ஸில் எட்டயபுரம் போனார்.

"மாப்ளே, நீ வந்து அழைக்கல. நான் அழைக்க வந்திருக்கேன்."

"அத்தான்!" என்று மாரிராஜ் அவர் கையைப் பிடித்தவன் விடவே இல்லை. அன்று மாலையே மனைவி, மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள், நாலு பையோடு வந்து இறங்கினான். ஒரு வாரம் தங்குவதாக உத்தேசமாம். அண்ணாச்சியின் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, "ஏ அக்கா, இன்னொரு துண்டு வை" என்றான். அடுப்படியில் சீலா மீன் பொரிந்தது. இசக்கித்தாயின் சிரிப்பு தெருவரைக்கும் கேட்டது. வடிவம்மாள்கூட ஒரு கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றாள்.

அண்ணாச்சி சுவரோரமாகத் தரையில் ஒண்டினார். எமனே வந்தாலும் அன்றைக்கு அந்த வீட்டில் உட்கார இடமில்லை. இசக்கித்தாயின் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, வந்தால் வரட்டும் என்றுதான் அவருக்கும் தோன்றியது.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அச்சகத்து ஜீவமணி ஒரு பெட்டியோடு இறங்கினார்.

"அண்ணாச்சி, உங்க மருமக கேட்ட சீட்டு ரெடி. எழுபத்தெட்டும் பிரமாதமா வந்திருக்கு."

"அப்ப அன்னைக்கு வந்த கட்டு?"

"அதுவா? மை சரியா விழுதான்னு பாக்க எமனை மட்டும் எழுபத்தெட்டு அடிச்சோம். உங்க வீட்டம்மாகிட்ட ஒண்ணொண்ணா விரிச்சுக் காட்டித்தானே குடுத்துட்டுப் போனேன்!"